பத்தியமும் பட்டினியும்

சென்ற ஆண்டு நம் கல்லூரிப் பழைய மாணவர் விருந்தில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பர் ஒருவர், இலையில் இட்ட சோறு, பருப்பு, மீன், தயிர் ஆகிய யாவற்றையும் யான் மெல்ல மெல்ல உண்டு முடித்தது கண்டு வியப்புற்று, “தாங்கள் பல்லாண்டாகக் குடல்நோயும் நரம்புநோயும் உடையவர் என்று கேள்வியுற்றேனே, பத்தியம் ஒன்றும் இல்லையோ?” என்று வினவினார். இப்போது உண்டதே பத்தியம் என்று விடையிறுத்தேன். அவர் அதனை நகைச்சுவை என்று கொண்டு சிரித்தார். அது நகைச்சுவை அன்று என்பதனை விளக்கவே, பத்திராதிபரின் இசைவு பெற்று இதனை எழுதப் புகுந்தேன்.

என் ஊர் இலத்தூர். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் அணித்தாயுள்ள இவ்வூரை அறியாதாரும் குற்றாலத்தை அறிவர். அங்கிருந்து சில கல் தொலைவே. மேற்கே மலை, ஊரையடுத்து அகன்ற குளம், குளத்தின் கீழ் நெல்வயல். ஆனி ஆடித் திங்கள்களில் மலைக்கணவாய் வழியே சாரற்காற்று வந்து வீசுங்கால் உண்ட உணவு உடனே செரித்துப் பசி இருமடங்காகும் என்பர் எங்களூரார். நெல்லுக்கும் தேங்காய்க்கும் குளத்து மீனுக்கும் வீட்டுப் பசுவின் பாலுக்கும் குறைவில்லாத இத்தகைய ஊரில், வறுமையும் இல்லாத ஒரு வீட்டில், யான் ஐந்தாண்டுக் காலம் உணவின்மையால் தேய்ந்தேன். தேய்த்தவர் எவரும் பகைவர் அல்லர். என்பால் பேரன்பு பூண்ட தமக்கையாரும் மனைவியாரும், அவ்விருவரினும் மேலாக யானுமே அதனைச் செய்தோம்.

2009ஆம் ஆண்டு மழைக்காலத்தில் தொடங்கிய வயிற்றுப்போக்கு நில்லாது தொடர்ந்தது. நாளொன்றுக்கு ஐந்தாறு முறை. நெய்ப்பசை படிந்து வெளிறிய மலம். வயிற்றில் ஓயாத இரைச்சல். நம் நாட்டார் இதனைக் கிராணி என்பர். பால் உண்டபின் வயிறு இரைந்தது, பால் நின்றது. முட்டை சூடு என்றார் ஒருவர், முட்டை நின்றது. “தம்பி, மீன் கரப்பான் அல்லவா? கொஞ்ச நாள் விட்டுப் பாரேன்” என்றார் தமக்கையார், மீனும் நின்றது. எண்ணெய், தேங்காய், பருப்பு, கீரை என்பன ஒன்றன்பின் ஒன்றாக விடைபெற்றுக்கொண்டன. ஈற்றில் எஞ்சியவை புழுங்கலரிசிக் கஞ்சியும் உப்பும் சுட்ட அப்பளமுமே. (அப்பளம் எந்த நியாயத்தினால் தப்பிற்று என்பது இன்றளவும் எனக்கு விளங்கவில்லை.) நோய் குறைந்ததோவெனின் இல்லை. குறையாதபோதெல்லாம், பத்தியம் போதவில்லை என்றே முடிவு செய்து மேலும் ஒரு பண்டத்தை விலக்கினோம். விலக்கியவற்றுள் ஒன்றேனும் மீண்டு வந்ததில்லை. 64 கிலோ நிறையிருந்த உடல் 46 கிலோவாயிற்று. நாக்குச் சிவந்து, வழுவழுத்து, இரசத்திலுள்ள மிளகையும் பொறாது எரிந்தது.

அக்காலத்து இரத்தக்குறைவும் கண்டது. உடன் வேலைபார்த்த ஆசிரியர் ஒருவர், தம் வீட்டார்க்குப் பயன்பட்டதென்று போலிக் அமில மாத்திரையைப் பரிந்துரைத்தார். மருத்துவரைக் கேளாமலே மருந்துக்கடையில் வாங்கி உண்ணலானேன். வியக்கத்தக்க பயன் கிடைத்தது. சில வாரங்களில் நாக்கின் எரிவு அடங்கிற்று. முகத்தின் வெளிறல் மாறிற்று. நோய் நீங்கியதென்றே மகிழ்ந்தேன். ஆனால் அந்த மகிழ்ச்சிக் காலத்திலேதான் பாதங்களில் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி தொடங்கியது. பின்னர் அது மரத்துப்போதலாக மாறியது. வகுப்பிலிருந்து திரும்புகையில் ஒரு காற்செருப்பு வழியிற் கழன்று கிடப்பதை அறியாது வீடு வந்து சேர்ந்ததும் உண்டு. விளக்கணைந்த இரவில் சுவரைப் பற்றாமல் நடக்க இயலவில்லை. கற்பித்துக்கொண்டிருந்த பாடத்தின் நடுவே, இருபதாண்டு பழகிய சொல் நாவில் வாராது நின்றது. இவற்றையெல்லாம் முதுமை என்று எண்ணினேன். அப்போது எனக்கு வயது 53.

2014ஆம் ஆண்டு சாரற்காலத்தில் குற்றாலப் பேரருவியில் நீராடச் சென்றபோது உண்மை வெளிப்பட்டது. அருவிநீர் தலைமேல் விழ, யாவரும் செய்வது போலக் கண்களை மூடினேன். மூடிய அக்கணமே கால்களின் கீழிருந்த பாறை காணாமற் போயிற்று. இடம் வலம் தெரியாது சாய்ந்து விழுந்தேன். அருகிலிருந்த இளைஞர் இருவர் தூக்கி வெளிக்கொணர்ந்தனர். பாசி வழுக்கிற்று என்று அவர்கள் தேற்றினர். ஆனால் நீரின் வேகமும் பாசியும் அல்ல காரணம் என்பது எனக்குத் தெரிந்தது. காலின் நிலையை உடலுக்கு உணர்த்தும் நரம்புகள் பழுதுற்றவர், கண்ணொளியைத் துணைக்கொண்டே நிற்கின்றனர்; கண் மூடியவுடன் அத்துணையும் போகிறது. கிணற்றடியில் முகங்கழுவக் கண்மூடித் தள்ளாடுவோரையும் இதனாலேயே ஐயுறல் வேண்டும்.

பின்னர் யான் அடைந்த மருத்துவர், பையிலிருந்து ஓர் இசைக்கவையை எடுத்துத் தட்டி என் கணுக்காலெலும்பின்மேல் வைத்தார். நம் கல்லூரிப் பௌதிக சாலையில் ஒலியின் வேகத்தைக் காண யான் கையாண்டதும், பின்னர் முப்பதாண்டு மாணவர்க்குக் காட்டியதுமான அதே கவை! “அதிர்வு தெரிகிறதா, ஐயா?” என்று கேட்டார். காதில் அதன் ஒலி கேட்டது. காலில் ஒன்றும் தெரியவில்லை. என் வாழ்நாளில் அவ்விசைக்கவை எனக்கு அச்சம் விளைத்தது அன்று ஒருநாளே.

நோயின் இயல்பு இதுவாகும். உணவிலுள்ள பி12 என்னும் வைட்டமின், இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருளோடு கூடிச் சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்படுகிறது. நாளொன்றுக்கு வேண்டுவது ஒரு கிராமிற் பத்திலட்சத்தில் இரண்டு பங்கு அளவே. ஈரலில் சில ஆண்டுகட்குப் போதிய சேமிப்பு இருப்பதால், வரவு நின்றதும் உடனே தெரிவதில்லை. சேமிப்புத் தீர்ந்தபின் இரத்தமும் நாக்கும் கெடும்; முதுகுத்தண்டின் நரம்புகளும் அவற்றின் உறையும் சிதையும். போலிக் அமிலம் இரத்தக்குறையைச் சீராக்கிவிடும், நரம்பைக் காவாது. ஆதலின் பி12 குறைந்தவர் போலிக் அமிலத்தை மட்டும் உண்பாராயின், நோயின் அடையாளம் மறைய, நோய் உள்ளே வளரும். குடல் உறிஞ்சாமையோடு, பால், முட்டை, மீன் என்று பி12 உள்ள பண்டங்களையே தேடித்தேடி யான் விலக்கியிருந்தேன். திருடனுக்கு ஒரு கதவை நோய் திறந்தது. மற்றொரு கதவை யானே திறந்து வைத்தேன் எனலாம்.

நிற்க. இக்குடல்நோய் நம் தென்னாட்டுக்குப் புதியதன்று. 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வட ஆற்காட்டுச் சிற்றூர்களில் இது கொள்ளைநோய் போற் பரவியது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கர், மாத்தன் முதலியோர் ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தனர். ஆங்கில மருத்துவர் ‘ஸ்புரூ’ என்று வழங்கும் இந்நோய்க்கு இன்று போலிக் அமிலம், பி12, டெட்ராசைக்ளின் வகை மருந்து ஆகியவற்றைக் கொடுக்கின்றனர். இவற்றுள் முதலதும் மூன்றாவதும் ஒருவருடைய ஆய்வுக்கூடத்தோடு தொடர்புடையன என்பது அறிந்து யான் வியந்ததுண்டு. அவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். அவருடைய உடன்பிறந்தார் இருவர் ஸ்புரூ நோயால் மாண்டனர். அவரும் அந்நோய்வாய்ப்பட்டு, ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட இலட்சுமிபதியாரின் மருத்துவத்தால் பிழைத்தார் என்பர் அவர் வரலாறு எழுதியோர். அமெரிக்கா சென்ற சுப்பாராவ், லெடர்லி ஆய்வுக்கூடத்தில் தலைமை தாங்கிய காலத்தில், 1945இல், அவருடைய குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். டெட்ராசைக்ளின் வகையில் முதன்மருந்தாகிய ஆரியோமைசின் அங்கிருந்தே 1948இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் மறைந்தார். பி12ஐ அறிவியலார் பிரித்தெடுத்ததும் அதே 1948இல்தான். போலிக் அமிலத்தின் சுவட்டை முதலிற் கண்ட லூசி வில்ஸ் அம்மையாரும், 1928 முதல் பம்பாயிலும் பின் குன்னூரிலும் சென்னையிலும் கருவுற்ற ஏழைப் பெண்களின் இரத்தக்குறையை ஆராய்ந்தே அதனைக் கண்டார். அவர் கொடுத்துப் பயன்கண்ட மருந்து எது? ஈஸ்டிலிருந்து வடித்த மார்மைட்டு என்னும் உணவுப்பொருள். மருந்துக்கும் உணவுக்கும் இடையே நாம் எழுப்பியுள்ள சுவர் எத்துணை மெல்லியது என்பதற்கு இவ்வரலாறே போதும்.

இனி யான் சொல்லப் புகுந்தது யாதெனின், நெடுநாள் நோயில் உணவைக் குறைத்தல் பத்தியம் அன்று என்பதே. பத்தியத்தையே இகழ்கின்றேன் என்று எவரும் கொள்ளற்க. ஒருநாட் செரியாமைக்கு ஒருவேளை உண்ணாதிருத்தல் தக்கதே. நம் நாட்டு மருத்துவரும் மருந்தின் கூடவே பத்தியத்திற்கும் நாட்கணக்குச் சொன்னவர்கள். இத்தனை நாள், அல்லது ஒரு மண்டலம் என்று வரையறுத்தனர். தொடக்கத்தை நினைவில் வைத்து முடிவை மறந்தது நம் வீடுகளின் குற்றம். ஒருநாள் நோய்க்குரிய விதியைப் பத்தாண்டு நோய்க்கு நீட்டினால், நோய் செய்யாத கேட்டையும் விதியே செய்துவிடும். குடல் தன் உட்பூச்சைச் சில நாட்களுக்கொருமுறை புதுப்பித்துக்கொள்ளும் உறுப்பு. அதற்கும் புரதமும் வைட்டமின்களும் வேண்டும். பட்டினியால் நலிந்த குடல் இன்னும் குறைவாக உறிஞ்சும். அது கண்டு இன்னும் குறைத்து உண்கின்றோம்.

இதில் பெண்டிர் நிலை பரிதாபமானது என்பதையும் சொல்லிவிடல் வேண்டும். எனக்குப் பத்தியம் காத்தவர்கள் இருவர் இருந்தனர். வீட்டில் நோயுற்றவர் பெண்ணாயின், அவர் எதனை விட்டார், எத்தனை வேளை விட்டார் என்பதனை எண்ணுவாரே இல்லை. என் தமக்கையார்க்கும் பாதம் மரத்திருந்தது என்பது, என் கதை வெளிப்பட்ட பின்னரே எங்களுக்குத் தெரிந்தது.

மருத்துவர் எனக்குப் பி12 ஊசியை முதலில் அடுத்தடுத்தும், பின் வாரம் ஒன்றும், பின்னர்த் திங்கள் ஒன்றுமாகக் கொடுத்தார். குடலுக்கு வேறு மருந்தும் கொடுத்தார். ஆயினும் அவர் எழுதித்தந்த சீட்டில் முதல்வரி மருந்தன்று. “ஒரு பண்டம், மூன்று நாள்” என்பதே. அதன் பொருள்: விலக்கிய பண்டங்களுள் ஒன்றைச் சிறிதளவு சேர்த்து மூன்று நாள் பார்த்தல், தீங்கில்லையேல் அதனை நிலைநிறுத்தி அடுத்ததற்குச் செல்லுதல், தீங்கு கண்டால் நிறுத்தி, ஒரு திங்கள் கழித்து மீண்டும் முயலுதல். என் மனைவியார் இதற்கென ஒரு கணக்குப் புத்தகம் தொடங்கினார். பற்று வரவு போலவே எழுதினார்.

முதலில் வந்தது மோர். புண்பட்ட குடல் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்காது. புளித்த மோரிலும் தயிரிலும் அச்சர்க்கரை குறைந்திருப்பதால் பலர்க்கு அவை ஒத்துக்கொள்கின்றன. எனக்கும் ஒத்தது. பால் இருமுறை தோற்று, எட்டாந்திங்களிலேதான் காப்பியிற் சிறிது கலந்து உள்ளே புகுந்தது. அடுத்து முட்டை: முதலில் அரை, பின் ஒன்று. அடுத்துக் குளத்து விரால். கெண்டையில் முள் மிகுதி, மரத்த விரலால் முள் களைய இயலாது. குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, அவித்த நேந்திரம்பழம், தோல் நீக்கிய கிழங்கு, பின்னர்த் தளிர் முருங்கைக்கீரை. நெய்யும் தேங்காயும் கடைசி. பதினைந்து நாளுக்கொருமுறை ஆட்டு ஈரல் சிறிது. ஈரலால் இரத்தநோயைத் தீர்க்கலாம் என்று 1926இல் பாஸ்டன் நகரத்து மைனாட்டும் மர்பியும் காட்டி, 1934இல் விப்பிளோடு நோபல் பரிசு பெற்றதை மாணவர்க்குச் சொல்லியிருந்தேன். அதனைத் தட்டில் காண இத்தனை ஆண்டாயின.

ஒருவேளையில் நிறைய உண்ண இயலாதாகையால், நாளொன்றுக்கு ஆறுமுறை சிறிது சிறிதாக உண்டேன். இது கேட்பதற்கு எளிது. பசியே இல்லாதவனுக்கு ஆறுமுறை உண்ணுதல் ஒரு வேலை. அதனை வேலையாகவே, மணியடித்ததும் வகுப்புக்குச் செல்வது போலவே செய்தேன். திங்கள்தோறும் முதல்நாள் நிறை பார்த்துப் புத்தகத்தில் எழுதினோம். ஒருமுறை இரண்டு கிலோ குறைந்தது. அதனை நோக்கியே மருத்துவர் மருந்தை மாற்றினார். பதினான்கு திங்களில் 58 கிலோவானேன். கண்மூடி நிற்கும் ஆற்றல் பெரும்பாலும் திரும்பிற்று. விரல்நுனிகளின் மரப்பு நீங்கவில்லை. நெடுநாள் கவனியாது விட்ட நரம்பு முழுதும் மீளாது என்று முன்னரே சொல்லியிருந்தார், அவ்வாறே ஆயிற்று. குடலும் முற்றும் நலமுற்றது என்று சொல்லேன். ஆண்டில் இரண்டொருமுறை குழப்பம் செய்கிறது. அந்நாட்களில் கஞ்சிக்குத் திரும்புகிறேன். ஆனால் திரும்பும் நாளையும் அன்றே குறித்துவைக்கிறேன்.

புலாலுண்ணாதார் செய்வது யாது என்ற வினா எழும். பி12 செடிகொடிகளால் ஆக்கப்படுவதன்று, நுண்ணுயிர்களே ஆக்குகின்றன. சிறுகுடலில் வாழும் சில நுண்ணுயிர்களும் அதனை ஆக்கவல்லன என்று வேலூர் ஆராய்ச்சியாளர் 1980இல் எழுதினர். ஆயினும் நோயுற்ற குடலில் அதனை நம்பியிருத்தல் ஆகாது. பாலும் தயிரும் ஓரளவு உதவும். அவையும் ஒவ்வாதார் மருத்துவரைக் கேட்டு மாத்திரையோ ஊசியோ கொள்ளலாம். அதிலுள்ள பி12 தொழிற்சாலையில் நுண்ணுயிர்களை வளர்த்து எடுக்கப்படுவதாதலின், அதனால் விரதத்திற்குக் குறைவு வாராது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மினும் வயிற்றெரிவுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையும் பல்லாண்டாக உண்போரும் தம் இரத்தத்தில் பி12 அளவைச் சோதித்துக்கொள்ளுதல் நன்று.

குடல் நரம்பைக் கெடுத்தல் போல, நரம்புநோயும் உணவைத் தடுத்தல் உண்டு. நடுக்குவாதமுடையார் பலர்க்கு, நடுக்கம் தோன்றுவதற்குப் பல்லாண்டு முன்பே மலச்சிக்கல் தொடங்குகிறது. அந்நோய்க்குரிய லெவோடோப்பா என்னும் மருந்து (நம் பூனைக்காலி விதையிலும் அது உண்டு), பருப்பு, இறைச்சி போன்ற புரத உணவோடு சேர்த்து உண்டால் சிலருக்கு நன்கு ஏறுவதில்லை. அதனால் புரதத்தையே விட்டுவிட்ட முதியவர் ஒருவரைக் கண்டேன். எலும்பும் தோலுமாக இருந்தார். வேண்டுவது உணவை விடுதல் அன்று. மருந்துக்கும் உணவுக்கும் இடையே நேரத்தை விடுதல். பக்கவாதத்தால் விழுங்கவியலாதார்க்கு நீரைப் புகட்டுவதும் தவறு. மெல்லிய நீர் மூச்சுக்குழலில் எளிதிற் செல்லும். எத்தகைய திண்மையில் எதனைக் கொடுக்கலாம் என்று மருத்துவரைக் கேட்டபின்னரே கொடுத்தல் வேண்டும்.

இவையெல்லாம் வீட்டார்க்கு. கல்லூரிக்கும் ஒரு சொல் உண்டு. எங்கள் பக்கத்து மாணவர் ஒருவர் இப்போது நம் கல்லூரியிற் பயில்கிறார், நெடுநாட் குடலழற்சியுடையவர். விடுமுறையில் என்னைக் காண வந்தபோது மெலிந்திருந்தார். காரணம் கேட்டேன். முற்பகல் வகுப்பின் நடுவே எழுந்து வெளியே செல்ல இசைவு கேட்பதும், கேட்டபோது பின்வரிசையிலிருந்து எழும் சிரிப்பும் தாங்காது, காலையுணவையே விட்டுவிட்டதாகச் சொன்னார். மாலையில் விளையாட்டுக்குச் செல்வதில்லை. இரவு விடுதியில் ஒரே பொழுதில் உண்ண வேண்டியதை அவர் வயிறு ஏற்பதில்லை. ஒன்பது மணிக்குப் பசிக்கும்போது அடுக்களை பூட்டியிருக்கிறது.

யான் அவருக்கு மருந்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் மருத்துவர் நல்லவர். ஆசிரியப் பெருமக்களை வேண்டிக்கொள்வது இரண்டே. நெடுநாள் நோயுள்ள மாணவர் இசைவு கேளாமலே எழுந்து சென்று திரும்புவதற்கு முதல்வர் ஒரு சீட்டு வழங்கலாம். வாயிலை ஒட்டிய இருக்கையை அவர்க்கு ஒதுக்கலாம். விடுதிக் காப்பாளர் அத்தகையோர்க்கு இரவில் ஒரு கிண்ணம் தயிர்ச்சோறும் இரண்டு அவித்த முட்டையும் எடுத்துவைக்க ஏற்பாடு செய்யலாம். செலவு பெரிதன்று, பழைய மாணவர் சங்கம் ஏற்குமாயின் முதல் ஆண்டின் செலவை யான் தரச் சித்தமாயிருக்கிறேன். சங்கத்துச் செயலாளர்க்குச் சித்திரைத் திங்களில் இதனைக் குறித்துக் கடிதம் எழுதினேன்; அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாக விடை வந்திருக்கிறது. அம்மாணவர் இன்னும் காலையில் உண்ணாமலே வகுப்புக்குச் செல்கிறார்.